எலெக்ட்ரான் அலைகளும் வளைய வலைகளும்: தருக்கக் கணிப்பில் குறுக்கீட்டு விளைவின் இடம்

கணிப்பொறி எத்துணைச் சிக்கலானதாயினும், அதன் உட்செயல் அனைத்தும் 'ஒன்று', 'சுழி' என்னும் இரு குறிகளைக் கொண்டு விடை காண்பதேயாகும். இப்பணியைச் செய்யும் அடிப்படை உறுப்புகள் தருக்க வாயில்கள் எனப்படும். இன்று வழக்கிலுள்ள கணிப்பொறிகளில் இவ்வாயில்கள் டிரான்சிஸ்டர்களால் ஆனவை. டிரான்சிஸ்டர் ஒரு மதகு போன்றது. திறந்தால் மின்னோட்டம் செல்லும், அடைத்தால் நிற்கும். இதில் எலெக்ட்ரானின் துகள் தன்மையே பெரிதும் பயன்படுகிறது.

எலெக்ட்ரானுக்கு அலைத் தன்மையும் உண்டு. அலையைத் தடுக்க மதகு தேவையில்லை. அதற்கு எதிரான மற்றோர் அலையே போதும். ஒரு சிறு வளையத்தின் இரு கைகளின் வழியே எலெக்ட்ரான் அலையைப் பிரித்துச் செலுத்தி, மறுமுனையில் அவை ஒன்றையொன்று வலுப்படுத்தவோ அழிக்கவோ செய்தால், அதையே வாயிலாகப் பயன்படுத்தலாம் அன்றோ? இவ்வினாவை 1980-ஆம் ஆண்டுகள் முதல் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

இவ்வாராய்ச்சியில் இரு வேறு செய்திகள் உள்ளன. வளையம் வாயிலாகச் செயற்படுவது எவ்வாறு என்பது ஒன்று. வாயில்கள் பல சேர்ந்து கணிப்பொறியாவதற்கு மேலும் என்ன வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை எளிது, அழகும் உடையது. பின்னதற்கு விடை கடினம். 'புதுவகை வாயில் கண்டுபிடிக்கப்பட்டது' என்னும் செய்தியைப் படித்த மாணவர் 'அப்படியாயின் நம் கணிப்பொறிகள் எப்போது மாறும்?' என்று ஆசிரியரைக் கேட்பது இயல்பு. அதற்கு நேர்மையான விடை கூற வேண்டுமாயின் இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. அதற்கு உதவுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. எலெக்ட்ரானின் அலை

இயங்கும் ஒவ்வொரு துகளுக்கும் ஓர் அலைநீளம் உண்டு என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி டி பிராய் 1924-இல் கூறினார். பிளாங்க் மாறிலியைத் துகளின் உந்தத்தால் வகுத்தால் அவ்வலைநீளம் கிடைக்கும். 54 வோல்ட் அழுத்தத்தால் முடுக்கப்பட்ட எலெக்ட்ரானுக்கு இது ஏறத்தாழ 0.167 நானோமீட்டர். 1927-இல் அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தின்மீது எலெக்ட்ரான்களைச் செலுத்தி, அவை அலைகளைப் போலவே குறிப்பிட்ட கோணங்களில் வலுத்துச் சிதறுவதைக் கண்டனர். அதே ஆண்டில் ஜி. பி. தாம்சன் மெல்லிய தகடுகளின் வழியே எலெக்ட்ரான்களைச் செலுத்தி இவ்வுண்மையை நிறுவினார். டேவிசனும் தாம்சனும் 1937-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1961-இல் ஜெர்மனியில் கிளாஸ் யோன்சன், ஒளிக்குச் செய்யப்படும் இரட்டைப் பிளவுப் பரிசோதனையை எலெக்ட்ரான்களைக் கொண்டே செய்து காட்டினார். 1989-இல் ஜப்பானில் தோனோமுராவும் அவருடைய குழுவினரும் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினர். திரையில் விழுந்த ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு புள்ளியாகவே பதிந்தது. ஆயினும் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தபோது குறுக்கீட்டுக் கோடுகள் தோன்றின. எனவே, ஓர் எலெக்ட்ரான் மற்றோர் எலெக்ட்ரானுடன் மோதுவதால் இவ்விளைவு உண்டாவதில்லை. தனித்த ஓர் எலெக்ட்ரானின் அலையே இரு வழிகளிலும் சென்று, தன்னுடன் தானே கூடுகிறது. வளைய வாயிலின் அடிப்படையும் இதுவே.

திடப்பொருள்களுக்குள் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்களின் அலைநீளம் பொருளுக்கேற்ப மாறும். தங்கத்தில் அது ஏறத்தாழ 0.5 நானோமீட்டர். காலியம் ஆர்செனைடு என்னும் குறைகடத்தியில் அமைக்கப்படும் மெல்லிய எலெக்ட்ரான் படலங்களில் அது பெரும்பாலும் 40 முதல் 50 நானோமீட்டர் வரை இருக்கும்.

2. இரு வழிகளின் கூட்டு

இவ்விளைவை வகுப்பில் ஒலியைக் கொண்டு எளிதாகக் காட்டலாம். ஒரு குழாயை இரண்டாகக் கிளைக்கச் செய்து, இரு கிளைகளையும் மறுமுனையில் மீண்டும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கிளைகளுள் ஒன்று, துருத்தி நீட்டக்கூடிய 'ப' வடிவக் குழாயாக இருத்தல் வேண்டும். இது குவிங்கே குழாய் எனப்படும். ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஆகவே, வினாடிக்கு 1,700 அதிர்வுகளுடைய ஒலியின் அலைநீளம் 20 சென்டிமீட்டர். 'ப' குழாயை 5 சென்டிமீட்டர் வெளியே இழுத்தால், போகவும் வரவும் சேர்ந்து அக்கிளையின் நீளம் 10 சென்டிமீட்டர் கூடும். அஃது அரை அலைநீளம் ஆதலின், மறுமுனையில் காதை வைத்துக் கேட்போர்க்கு ஒலி மிகக் குன்றிவிடும். மேலும் 5 சென்டிமீட்டர் இழுத்தால் ஒலி மீண்டும் ஓங்கும். ஒலி எங்கும் தடுக்கப்படவில்லை என்பதை மாணவர் நன்கு உணர வேண்டும். எந்தக் கிளையை மூடினாலும் மற்றதன் வழியே ஒலி வருகிறது. இரண்டும் திறந்திருக்கும்போதே அது மறைகிறது.

இதனை எண்ணால் கூறுவோம். இரு அலைகளும் சம வீச்சுடையன என்றும், அவற்றிடையே உள்ள கட்ட வேறுபாடு ஒரு குறிப்பிட்ட கோணம் என்றும் கொள்க. மறுமுனையில் கிடைக்கும் செறிவு, அக்கோணத்தில் பாதியின் கோசைனை இருமடி செய்தால் வரும். கட்ட வேறுபாடு 0 பாகையாயின் செறிவு 1. 60 பாகையாயின் 0.75, 90 பாகையாயின் 0.5; 120 பாகையாயின் 0.25, 180 பாகையாயின் 0. எலெக்ட்ரான் வளையத்தில் 'செறிவு' என்பது, எலெக்ட்ரான் மறுமுனையை அடையும் நிகழ்தகவாகும். மின்கடத்தலை இவ்வாறு ஊடுருவும் நிகழ்தகவாகவே கருதிக் கணக்கிடும் முறையை 1957-இல் ரோல்ஃப் லாண்டவர் வகுத்தார்.

3. வளையமும் காந்தப் பாயமும்

ஒலிக் குழாயில் கட்டத்தை மாற்றக் கிளையை நீட்டினோம். எலெக்ட்ரான் வளையத்தில் கையின் நீளத்தை மாற்றாமலே கட்டத்தை மாற்ற இரு வழிகள் உள்ளன. முதலாவது, ஒரு கையின் அருகே மின்வாய் ஒன்றை அமைத்து அதற்கு மின்னழுத்தம் தருதல். அக்கையில் எலெக்ட்ரானின் உந்தமும் அதனால் அலைநீளமும் மாறும். இரண்டாவது, வளையத்தின் நடுவே காந்தப் பாயத்தைச் செலுத்துதல்.

இவ்விரண்டாம் வழி வியப்புக்குரியது. எலெக்ட்ரான் செல்லும் பாதையில் காந்தப் புலமே இல்லாவிடினும், அப்பாதை சூழ்ந்த பரப்பினுள் பாயம் இருந்தால் எலெக்ட்ரான் அலையின் கட்டம் மாறும். 1949-இல் எரன்பெர்க், சிடே ஆகியோர் இதனைச் சுட்டினர். 1959-இல் அகரனோவும் போமும் இதன் பொருளை விரிவாக விளக்கினர். அது முதல் இஃது அகரனோவ்–போம் விளைவு என வழங்குகிறது. காந்தப் புலம் வெளியே கசியாதவாறு மீகடத்தியால் மூடப்பட்ட நுண்ணிய வளையக் காந்தத்தைக் கொண்டு, 1986-இல் தோனோமுராவின் குழுவினர் இதனை ஐயமற நிறுவினர்.

பிளாங்க் மாறிலியை எலெக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் வருவது ஒரு பாய அலகு. அதன் மதிப்பு ஏறத்தாழ 4.14 × 10⁻¹⁵ வெபர். வளையத்துள் ஓர் அலகு பாயம் கூடினால் கட்ட வேறுபாடு ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, மாறும். அரை அலகு கூடினால் 180 பாகை மாறும். ஒரு சதுர மைக்ரான் பரப்புடைய வளையத்தில் ஓர் அலகு பாயத்தை உண்டாக்க ஏறத்தாழ 0.0041 டெஸ்லா காந்தப் புலம் போதும். இது நம் நாட்டில் பூமியின் காந்தப் புலத்தைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு.

1985-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வெப், வாஷ்பர்ன், அம்பாக், லைபோவிட்ஸ் ஆகியோர் தங்கத்தால் ஆன சிறு வளையத்தை அமைத்தனர். அதன் விட்டம் ஏறத்தாழ 0.8 மைக்ரான், கம்பியின் அகலம் ஏறத்தாழ 40 நானோமீட்டர். ஒரு கெல்வினுக்கும் கீழ்ப்பட்ட வெப்பநிலையில் காந்தப் புலத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தியபோது, வளையத்தின் மின்தடை ஒழுங்காக ஏறி இறங்கியது. ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும் வேண்டிய புலம் 0.0076 டெஸ்லா; அஃது அவ்வளையப் பரப்புக்கு ஓர் அலகு பாயமே. அக்கம்பியில் எலெக்ட்ரான்கள் மாசணுக்களால் பன்முறை சிதறியே சென்றன. அவ்வாறிருந்தும் கட்ட ஒழுங்கு கெடவில்லை. அசையாத மாசணு அலையைத் திருப்புமேயன்றி அதன் கட்டத்தைத் தாறுமாறாக்குவதில்லை என்பது இதனால் விளங்கிற்று.

இங்கு நம் நாட்டின் பங்கொன்றையும் குறிப்பிடல் தகும். பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தில் பணிபுரிந்த பஞ்சரத்தினம், முனைவாக்கப்பட்ட ஒளிக்கற்றைகளின் குறுக்கீட்டை ஆராய்ந்து 1956-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒளியின் முனைவாக்க நிலை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய நிலைக்கே திரும்பினாலும், கட்டம் மட்டும் சுற்றிய பரப்புக்கேற்ப மாறியிருக்கும் என்பதை அதில் காட்டினார். 1984-இல் மைக்கேல் பெர்ரி வகுத்த பொதுவிதி அகரனோவ்–போம் விளைவையும் தன்னுள் அடக்கியது. பஞ்சரத்தினம் கண்டதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே என்பதைப் பின்னர் பெர்ரியே எடுத்துரைத்தார்.

4. வளையம் வாயிலாதல்

இனி, முற்றிலும் ஒத்த இரு கைகளையுடைய வளையம் ஒன்றைக் கருதுவோம். இடப்புறம் ஒரு கம்பியும், அதற்கு நேர் எதிரே வலப்புறம் ஒரு கம்பியும் இணைந்துள்ளன. வளையத்துள் சரியாக அரை அலகு பாயம் செலுத்தப்பட்டுள்ளது. இரு கைகளிலும் வரும் அலைகள் 180 பாகை வேறுபட்டு மறுமுனையில் அழிகின்றன, மின்னோட்டம் இல்லை. இரு கைகளும் ஒத்தன ஆதலின், எலெக்ட்ரானின் ஆற்றல் எதுவாயினும் இவ்வழிவு மாறாது.

மேற்கைக்கு ஒரு மின்வாயும் கீழ்க்கைக்கு ஒரு மின்வாயும் அமைப்போம். மின்னழுத்தம் தருவது 'ஒன்று'; தராதிருப்பது 'சுழி'. இரண்டும் சுழியாயின் கைகள் ஒத்துள்ளன; மின்னோட்டம் இல்லை. மேல் மின்வாய்க்கு மட்டும் அழுத்தம் தந்தால் ஒப்புமை கெடுகிறது; அழிவு முழுமை பெறாமையால் மின்னோட்டம் செல்கிறது. கீழ் மின்வாய்க்கு மட்டும் தந்தாலும் அவ்வாறே. இரண்டுக்கும் சமமாகத் தந்தால் கைகள் மீண்டும் ஒத்துவிடுகின்றன, மின்னோட்டம் நின்றுவிடுகிறது. அதாவது, இரு உள்ளீடுகளும் வேறுபட்டால் விடை ஒன்று, ஒத்தால் சுழி. இதுவே 'விலக்கிய அல்லது' வாயில். 'எக்ஸார்' என்றும் வழங்குவர். டிரான்சிஸ்டர்களைக் கொண்டு இவ்வாயிலை அமைக்கப் பொதுவாகப் பல டிரான்சிஸ்டர்கள் வேண்டும். இங்கு ஒரு வளையமே அதனைச் செய்துவிடுகிறது. இவ்வாராய்ச்சியின் கவர்ச்சி இதில்தான் உள்ளது.

ஏனைய வாயில்களும் இம்முறையிலேயே பெறப்படும். இரு மின்வாய்களையும் ஒரே கையில் அமைத்து, இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் மாற்றம் ஒரு முழுச் சுற்றாகாதவாறு பார்த்துக்கொண்டால், எதற்கு அழுத்தம் தந்தாலும் ஒப்புமை கெடும். இஃது 'அல்லது' வாயில். அரை அலகு பாயமுடைய இரு வளையங்களைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளீடு தந்தால், இரண்டும் திறந்தாலன்றி மின்னோட்டம் செல்லாது. இஃது 'உம்மை' வாயில். பாயமற்ற வளையத்தில் அலைகள் கூடி வலுக்கின்றன. ஒரு கையின் கட்டத்தை அரைச் சுற்று மாற்றினால் அழிகின்றன. இஃது 'இல்லை' வாயில்.

'விலக்கிய அல்லது' வாயிலையும் 'உம்மை' வாயிலையும் ஒரே இரு உள்ளீடுகளுக்கு அமைத்தால், முன்னது இரு எண்களின் கூட்டுத்தொகையையும் பின்னது மேல் இடத்துக்குக் கொண்டுசெல்லும் எண்ணையும் தரும். இதனை அரைக்கூட்டி என்பர். கணிப்பொறியின் கணிதம் அனைத்தும் இதிலிருந்தே வளர்கிறது.

5. வளையங்கள் வலையாதல்

வளையங்கள் பல இணைந்த வலையில் எலெக்ட்ரான் அலை இரு வழிகளோடு நிற்பதில்லை. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு பகுதி முன்னே செல்கிறது. ஒரு பகுதி திரும்புகிறது. சில பகுதிகள் வளையத்தைப் பன்முறை சுற்றி வருகின்றன. இவையனைத்தையும் கணக்கிட இரு விதிகள் போதும். சந்தியில் சேரும் எல்லாக் கைகளிலும் அலையின் மதிப்பு ஒன்றாக இருத்தல் வேண்டும். சந்திக்குள் வரும் ஓட்டமும் வெளிச்செல்லும் ஓட்டமும் சமமாதல் வேண்டும். இரண்டாம் விதி, மின்சுற்றுகளுக்குக் கிர்க்காஃப் கூறிய விதியை ஒத்தது. கரிம மூலக்கூறுகளின் எலெக்ட்ரான்களைக் கணக்கிட 1953-இல் கிரிஃபித் இத்தகைய விதிகளைப் பயன்படுத்தினார்.

ஒத்த மூன்று கைகள் கூடும் சந்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு கையின் வழியே வரும் அலையில், மற்ற இரு கைகளுக்கும் செல்லும் வீச்சு மூன்றில் இரு பங்கு. திரும்பும் வீச்சு மூன்றில் ஒரு பங்கு, எதிர்க்குறியுடன். வீச்சுகளை இருமடி செய்தால் நிகழ்தகவு கிடைக்கும்: ஒவ்வொரு கைக்கும் 4/9, திரும்புவது 1/9. மூன்றையும் கூட்டினால் ஒன்று. சந்தி ஒவ்வொன்றிலும் ஒன்பதில் ஒரு பங்கு திரும்பிவிடுகிறது என்பது, வளையங்களைச் சேர்ப்பது நீர்க்குழாய்களைச் சேர்ப்பது போல் எளிதன்று என்பதைக் காட்டும். ஒரு வளையத்தின் நடத்தை அதன் பின்னுள்ள வளையத்தையும் பொறுத்ததாகிறது.

இத்துறையில் இந்திய ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து உழைத்துள்ளனர். புவனேசுவரத்திலுள்ள இயற்பியல் கழகத்தைச் சேர்ந்த சிங்க தேவும் ஜயண்ணவரும், தொடராக அமைந்த கிளைகளிலும் வளையங்களிலும் எலெக்ட்ரான் அலை செல்லும் முறையை ஆராய்ந்து 1994-இல் வெளியிட்டனர். கொல்கத்தாவில் சாந்தனு மைத்தி, அரை அலகு பாயமுடைய வளையங்கள் பல்வேறு தருக்க வாயில்களாக நடந்துகொள்வதை 2009-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த கட்டுரைகளில் கணக்கிட்டுக் காட்டினார். இவை கோட்பாட்டு ஆய்வுகள் என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பரிசோதனையில், காந்தப் பாயத்துக்கு மாறாக மின்வாய் அழுத்தத்தைக் கொண்டே எலெக்ட்ரானின் தற்சுழற்சி சார்ந்த குறுக்கீட்டை மாற்ற இயலும் என்பதை, 2006-இல் ஜப்பானில் நித்தாவின் குழுவினர் குறைகடத்தி வளையங்களின் அணிவரிசையில் கண்டனர்.

6. எதிர்ப்படும் இடர்கள்

முதல் இடர் வெப்பம். வெப்பத்தால் அணுக்கள் அதிர்கின்றன. அதிரும் அணு, அசையாத மாசணுவைப் போலன்றி, எலெக்ட்ரானுடன் ஆற்றலைப் பரிமாறி அதன் கட்டத்தை ஒழுங்கின்றி மாற்றிவிடுகிறது. வளையத்தைக் கடக்கும் முன்னரே கட்ட ஒழுங்கு கெட்டால் குறுக்கீடும் இல்லை, வாயிலும் இல்லை. மேலும், 300 கெல்வினில் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 0.026 எலெக்ட்ரான் வோல்ட். ஒரு கெல்வினில் அதில் முந்நூற்றில் ஒரு பங்கே. வெப்பநிலை உயர உயரப் பல ஆற்றலும் பல அலைநீளமும் உடைய எலெக்ட்ரான்கள் கலந்து வருகின்றன. ஒத்த கைகளையுடைய வளையத்தின் 'சுழி' இக்கலப்பால் கெடுவதில்லை. ஆனால் 'ஒன்று' எவ்வளவு பெரிதாயிருக்கும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது ஆதலின் அது மங்குகிறது.

வளையத்தைச் சிறிதாக்கினால் எலெக்ட்ரான் கடக்கும் தூரம் குறையும். ஆகவே வெப்பத்தை வெல்லலாம். ஆனால் இங்கே மற்றோர் இடர் எழுகிறது. வளையம் சிறிதாகச் சிறிதாக, அதே பாயத்துக்கு வேண்டிய காந்தப் புலம் பெரிதாகிறது. பென்சீன் மூலக்கூறே இயற்கை தந்த மிகச் சிறிய வளையம். அதன் பரப்பு ஏறத்தாழ 0.05 சதுர நானோமீட்டர். அதில் அரை அலகு பாயம் வேண்டுமாயின் ஏறத்தாழ 40,000 டெஸ்லா புலம் தேவை. ஆய்வுக்கூடங்களில் நிலையாக உண்டாக்கப்பட்ட மிக வலிய புலங்களோ 45 டெஸ்லா அளவினவே. எனவே, மூலக்கூறளவில் காந்தத்தைக் கைவிட்டுப் பாதை நீளத்தையே நம்ப வேண்டும்.

அதற்கு வழியும் உண்டு. பென்சீன் வளையத்தில் நேர் எதிரான இரு அணுக்களில் கம்பிகளை இணைத்தால் இரு வழிகளும் மும்மூன்று பிணைப்புகள் உடையன, அலைகள் கூடுகின்றன. ஓர் அணுவை இடைவிட்டு, 'மெட்டா' எனப்படும் இடங்களில் இணைத்தால் ஒரு வழி இரு பிணைப்பு, மற்றது நான்கு பிணைப்பு. இங்கு மின்கடத்தலுக்குரிய எலெக்ட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ நான்கு பிணைப்புகளின் நீளம் ஆதலின், வேறுபாடு அரை அலைநீளமாகி அலைகள் அழிகின்றன. இதனை டிரான்சிஸ்டராகப் பயன்படுத்தலாம் என 2006-இல் அமெரிக்காவில் கார்டமோன், ஸ்டாஃபோர்டு, மஜும்தார் ஆகியோர் கருத்துரைத்தனர். 2012-இல் நெதர்லாந்தில் கெதோன் முதலியோர், மூலக்கூறு அடுக்குகளின் மின்கடத்தலில் இவ்வகை அழிவின் அடையாளத்தைப் பரிசோதனையிலேயே கண்டனர்.

இறுதி இடரே யாவற்றினும் பெரிது. அது வெப்பத்தைப் பற்றியதன்று. குறியைத் திருத்துவதைப் பற்றியது. டிரான்சிஸ்டர் வாயில் தனக்கு வரும் குறி சற்று மங்கியிருந்தாலும், மின்வழங்கியிலிருந்து ஆற்றலைப் பெற்று, அதனை முழு 'ஒன்று' அல்லது முழு 'சுழி' ஆக்கியே அடுத்த வாயிலுக்கு அனுப்புகிறது. ஆகவே கோடிக்கணக்கான வாயில்களைத் தொடுத்தாலும் பிழை பெருகுவதில்லை. குறுக்கீட்டு வாயிலில் இத்திருத்தம் இல்லை. கோசைன் இருமடி வரைவு மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. அதில் செங்குத்தான படி இல்லை.

ஓர் எளிய கணக்கால் இதனை அறியலாம். வாயில்களுக்கிடையே அலை திரும்புவதில்லை எனக் கொள்வோம். கட்டப் பிழையால் ஒவ்வொரு வாயிலும் தனக்கு வரும் 'ஒன்றில்' 0.75 பங்கையே விடுமாயின், இரண்டாம் வாயிலுக்குப் பின் 0.56, மூன்றாவதற்குப் பின் 0.42, நான்காவதற்குப் பின் 0.32. நான்கு படிகளுக்குள் 'ஒன்று' எது, 'சுழி' எது என்னும் ஐயம் பிறந்துவிடுகிறது. மறுபுறம், அழிய வேண்டிய அலைகளில் 10 பாகைப் பிழை இருந்தால் 0.8 விழுக்காடு கசியும். 20 பாகையாயின் 3 விழுக்காடு. 30 பாகையாயின் 6.7 விழுக்காடு. கோடிக்கணக்கான வளையங்களை ஒன்றுபோல் அமைத்தல் எளிதன்று. ஓர் அணு இடம் மாறினும் கட்டம் மாறும். மேலும், வளையத்தின் உள்ளீடு மின்னழுத்தம். விடையோ மிகச் சிறு மின்னோட்டம். அவ்விடை அடுத்த வளையத்தின் மின்வாயை இயக்க வேண்டுமாயின், இடையே ஒரு பெருக்கி தேவை. பெருக்கியாகப் பணிபுரிவது டிரான்சிஸ்டரே.

இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பியவர் லாண்டவர். மின்கடத்தலை ஊடுருவலாகக் கணக்கிடும் முறையை வகுத்தவரும், 1983-இல் பியூட்டிக்கர், இம்ரி ஆகியோருடன் சேர்ந்து சிறு உலோக வளையத்தில் காந்தப் பாயத்தால் ஓயாத மின்னோட்டம் சுழலும் என்று கூறியவரும் அவரே. குவாண்டம் ஊடுருவலைக் கட்டுப்படுத்தி மின்சாவி அமைக்க இயலுமா என்று அவர் 1989-இல் 'பிசிக்ஸ் டுடே' இதழில் வினவினார். உறுப்புகளின் சிறு வேறுபாடுகளைப் பொறுத்துக்கொண்டு குறியைத் திருத்தித் தராத கருவி, கணிப்பொறிக்கு ஏற்றதாகாது என்பது அவர் வலியுறுத்திய கருத்து. வளையங்களின் இயல்பை நன்கறிந்த ஒருவரே இவ்வாறு கூறியமையால், இது புறந்தள்ளத்தக்கதன்று.

7. முடிவாகக் கொள்ளத்தக்கவை

எனவே மாணவரின் வினாவுக்கு ஆசிரியர் கூறத்தக்க விடை இதுவாகும்: எலெக்ட்ரான் அலைகள் வளையத்தில் குறுக்கிடுவது பரிசோதனையால் நிறுவப்பட்ட உண்மை. அக்குறுக்கீட்டைக் கொண்டு வாயில்களை வகுக்கலாம் என்பது கணக்கீட்டால் தெளிவானது. அவ்வாயில்களைத் தொடுத்து முழுக் கணிப்பொறியாக்குவதற்குக் குறியைத் திருத்தும் வழி வேண்டும். அதனைக் குறுக்கீடு தானாகத் தருவதில்லை. வாயில் ஒன்று செயற்படுவதும் கணிப்பொறி ஒன்று செயற்படுவதும் வேறு வேறு. இவ்விடை ஆராய்ச்சியின் மதிப்பைக் குறைப்பதன்று. மூலக்கூறுகளில் மின்னோட்டம் செல்லும் முறையும், கட்ட ஒழுங்கு கெடும் காரணங்களும் இவ்வளையங்களின் வாயிலாகவே தெளிவாயின.

வகுப்பில் காட்ட ஒரு செயல்முறை: குவிங்கே குழாயின் இரு கிளைகளையும் நீட்டக்கூடியனவாக அமைத்து, 1,700 அதிர்வுகளுடைய ஒலியைக் கைப்பேசியிலிருந்து எழுப்புக. கிளையை 5 சென்டிமீட்டர் நீட்டுவது 'ஒன்று', நீட்டாமை 'சுழி'. கிளைகள் இரண்டும் ஒத்திருந்தால் ஒலி ஓங்கும். ஒன்று மட்டும் நீண்டால் குன்றும். இது 'விலக்கிய அல்லது' வாயிலின் தலைகீழ். வளையத்துள் இருந்த அரை அலகு பாயமே விடையைத் திருப்பியது என்பதை மாணவர்களைக் கொண்டே கூறச் செய்தல் நன்று.

பயிற்சி வினாக்கள்

(1) 2 சதுர மைக்ரான் பரப்புடைய வளையத்தில் ஓர் ஏற்ற இறக்கத்துக்கு வேண்டிய காந்தப் புலம் யாது? 
(2) ஒத்த நான்கு கைகள் கூடும் சந்தியில், செல்லும் வீச்சு ஒவ்வொரு கைக்கும் அரைப் பங்கு, திரும்பும் வீச்சும் அரைப் பங்கு. நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை ஒன்றாவதைக் காட்டுக. 
(3) ஒவ்வொரு வாயிலும் 'ஒன்றில்' 0.9 பங்கை விடுமாயின், எத்தனையாவது வாயிலுக்குப் பின் குறி பாதிக்கும் கீழாகும்?

விடைகள்: (1) ஏறத்தாழ 0.0021 டெஸ்லா. (2) நான்கு கைகளிலும் கால் பங்கு வீதம், கூட்டுத்தொகை 1. (3) ஏழாவது வாயிலுக்குப் பின். அப்போது குறி 0.48.